பின்விளக்காக ஓர் ஆள்

செப். 8, திங்கள்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. கிணற்றுநீர் வாயில் வைக்க முடியாத உவர்.

சனசமூக நிலையத்துக்கு ட்ரெய்லர் வந்துவிட்டது, மேலே ஐந்நூறு லீற்றர் தாங்கியோடு. பாலத்துக்கு அப்பால் சாட்டியிலுள்ள நன்னீர்க் கிணற்றிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவர. இழுவைக் கொக்கி உள்ள கார் ஊரில் என்னுடையது ஒன்றே. கொடுத்தேன்.

பின்பலகை முழுவதும் கனடா அன்பளிப்பாளரின் பெயர், தகப்பன் பெயர், வட்டாரம். ஆகவே விளக்குகள் பலகைக்குக் கீழே, சில்லுகளுக்கு இடையில். சேறு தெறிக்கும் இடம்.

செப். 9, செவ்வாய்

பள்ளியால் வந்து பார்த்தேன். நான் இல்லாத நேரம் என் காரின் பின்விளக்கு வயர்களைச் சீவி, ட்ரெய்லர் வயர்களை முறுக்கி, இன்சுலேஷன் ரேப் சுற்றியிருக்கிறார்கள். எர்த் வயரே இல்லை. பிரேக்கை மிதித்தால் இடது சிக்னல் மங்கலாக எரிகிறது.

நிலையத் தலைவரிடம் கேட்டேன்.

"கொக்கி இரும்பு தானே மாஸ்டர். எர்த் அதால போகும்."

"கிறீசும் உப்புத் துருவும் பிடிச்ச கொக்கியால போகாது."

"படிச்ச ஆக்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

இவருடைய மகனுக்கு மின்சுற்று கற்பித்தவன் நான்.

தேவை:
– தனி எர்த் வயர், ட்ரெய்லர் சட்டத்திலிருந்து கார் உடல்வரை.
– பற்றரியிலிருந்து நேரே மின் எடுக்கும் ரிலே பெட்டி, ஃபியூஸோடு. ட்ரெய்லரின் பாரம் காரின் வயரில் விழக்கூடாது.
– விளக்குகள் பலகையின் இரு ஓரங்களிலும். பெயர் சுருங்கட்டும்.

செப். 10, புதன்

ரிலே பெட்டி யாழ். கடையில் இல்லை. வெள்ளி வருமாம். முறுக்கிய வயர்களைக் கழற்றினேன். அதுவரை, பள்ளி விட்டபின் வெளிச்சத்தில் நானே ஒரு நடை இழுத்துவருகிறேன் என்றேன்.

"ஒரு நடை ஆருக்குக் காணும்? சனம் உப்புத்தண்ணி குடிக்கிறதோ?" என்றார் தலைவர்.

"மாஸ்டற்ற வீட்டில போத்தல் தண்ணி இருக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

பின்னேரமே ஊர்க் கடைக்காரரின் காருக்குக் கொக்கி ஒன்றை வெல்டிங்கில் ஒட்டினார்கள். வயர் வேலை இம்முறை அறவே இல்லை. மனைவியின் தம்பி ஈசன் முன்வந்திருக்கிறான்.

"நான் மோட்டச்சைக்கிளில பின்னால வருவன் அத்தான். என்ர லைட் காணும்."

"நீர் ஆளோ, விளக்கோ?"

"ரெண்டும்தான்!"

செப். 11, வியாழன்

வினாத்தாள் திருத்தம், பாதி. தண்ணீர் மூன்று நடை வந்தது. எங்கள் வீட்டுக்கும் இரண்டு குடம். குடித்தேன். நல்ல தண்ணீர்.

செப். 12, வெள்ளி

பிற்பகல் ரிலே பெட்டி கைக்கு வந்தது.

மாலை 6.45, தண்ணீரோடு திரும்புகையில், பாலத்தில். குறிகட்டுவான் துறையில் கடைசிப் படகைப் பிடிக்க ஓடிய வான் ஒன்று. சாரதி கண்டது ஒரேயொரு சிவப்பு விளக்கு. தனி மோட்டார்சைக்கிள் என்றே எண்ணி முந்தினார். அதற்கு முன்னால் இருட்டாக ட்ரெய்லர். எதிரே பஸ். வானை இடப்பக்கம் ஒடித்தார். இடப்பக்கம் ஈசன்.

செப். 13, சனி

யாழ். ஆஸ்பத்திரி. ஈசனுக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. கால் தப்புமா என்பது திங்கள்தான் தெரியும். மனைவி நேற்றிலிருந்து பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை.

தலைவர் அப்பிளோடு வந்தார்.

"நல்ல காலம் மாஸ்டர், தாங்கிக்கு ஒரு கீறலும் இல்லை."

இன்றும் தண்ணீர் எடுக்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"சனம் குடிக்க வேணுமே."

"பின்னால?"

"ஆள் பாத்தாச்சு."