சிறுத்தை வளர்த்த என் மகளுக்கு

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. மைசூரில் நான், உங்கப்பா, தம்பி கிரண் மூவரும் மாதேஸ்வரன் புண்ணியத்தில் நலம், அமெரிக்காவில் நீ கைகால் முறியாமல் நலமாக இருக்கிறாயா. ஃபோனில் பேசினால் உங்கப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி கிரணிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மூன்றாவதோடு நின்றவள் நான்.

நீ சொன்ன சங்கதியைக் கேட்டதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை கண்ணு, கழுவிய குண்டாவையே மறுபடி கழுவுகிறேன். பெரிய குஸ்திக் கம்பெனி உன்னை எடுத்துக்கொண்டால் முடியை மாற்றுவான், உடுப்பை மாற்றுவான், அது தெரிந்ததுதான். தோளுக்கு மேலே தூக்கிப் போடுவாயே அந்தப் பிடி அங்கே வேறொருத்தியுடையதாம், நீ போடக்கூடாதாம், அதையும் விடு. அனுப்ரியா போய் இனி வான்யாவாம், காட்டில் சிறுத்தை வளர்த்த பெண்ணாம். சிறுத்தை யார், நான்தானே? உங்கப்பாவைக் கேட்டால் ஆமாம் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவார். ஆனால் பெற்றவர்கள் இரண்டு பேரும் செத்துப்போனார்கள் என்று நீயே மைக்கைப் பிடித்து அழவேண்டும் என்கிறார்களே, அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

பொய்ச் சாவுக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். போன ஆடியில் காக்காய் உங்கப்பா தலையில் தட்டியபோது, தோஷம் கழியட்டும் என்று கௌதள்ளியில் இருக்கும் உன் அத்தைக்கு ஃபோன் போட்டு, உங்கண்ணன் போய்விட்டார் என்று சொன்னவளே நான்தான். அவள் தெருவே கூடும்படி அழுது முடித்தபிறகு உண்மையைச் சொன்னேன். அட பாவத்துக்குப் பொறந்தவளே, உன்ற வாயில மண்ணப் போட என்று திட்டிவிட்டு, அழுத கூலிக்கு ஒரு சேலையும் கேட்டாள். அழுதவர்களிடம் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடவேண்டும், அப்போதுதான் அது கழிப்பு. உன் கம்பெனி எந்தக் காலத்தில் சொல்லும்?

உங்கப்பாவுக்கு இது இன்னும் தெரியாது. மனுஷன் தரையில் நடப்பதே இல்லை, வேலைக்குப் போன கட்டடத்தில் எல்லாம் சொல்லி, சனிக்கிழமை காலையில் உன் முதல் சண்டையைப் பார்க்கக் கெம்பம்மா வீட்டுப் பெரிய டிவி முன்னால் உட்கார ஆள் சேர்த்துவிட்டார். இங்கே தசரா குஸ்தியில் வேலாயுதம் மகள் அனுப்ரியா என்று மைக்கில் கூப்பிட்டார்களே, அங்கேயும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைப்பு. அந்த வெள்ளைக்காரன் வாயில என்ற பேரு எப்பிடி நொண்டியடிக்குதுன்னு பார்க்கோணும் என்கிறார். நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன், பிறகு அங்கேயும் நிற்க முடியாமல் வாசலுக்கு வந்தேன்.

இதற்காகக் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடாதே. கல்யாண மண்டபத்தில் நீயே நாற்காலி போட்டு, நீயே சண்டையும் போட்டு, நீயே பெருக்கிவிட்டு வந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது, கதை எழுதுகிறவர்களிடம் கேட்டுப்பார். செத்துப்போனார்கள் என்று சொல்லாமல் தொலைந்துபோனார்கள் என்று சொல்லட்டுமா என்று கேள். செத்தவர்களை வைத்து அவர்கள் என்ன வியாபாரம் பண்ணமுடியும்? தொலைந்தவர்கள் என்றால், கூட்டம் குறைகிற சமயத்தில் விமானத்தில் வரவழைத்து மேடையில் நிறுத்தலாம். நான் எப்படி அழச்சொன்னாலும் அழுவேன், உங்கப்பா சொல்லாமலே அழுவார், டிக்கெட் பிய்த்துக்கொண்டு போகும். அதற்கும் ஒத்துவரவில்லை, ஒருத்தராவது சாகத்தான் வேண்டும் என்றால், என்னைச் சாகடித்துவிடு கண்ணு, அப்பாவை மட்டும் தொலைத்துவிடு.

நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், விழுந்தாலும் அடிபடாமல் எழுந்திருக்கவேண்டும். முட்டிக்குச் சூடாக எண்ணெய் தேய், மறக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், உங்கப்பா இப்போதே சட்டை தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார்.

இந்த நிமிஷம்வரை உயிரோடிருக்கும் உன் அம்மா,
வே. பஞ்சவர்ணம்