விடைக்கல்லில் நிற்கும் அமைச்சர்

ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், நாழிகை வட்டில் பதினோராம் முறை நிரம்பி மூழ்கிய பொழுது. அந்தப் பொழுதிலிருந்து நம் அமைச்சர் நிற்கிறார்.

கார்வரைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் அரசி நெடுமுகிலாள், ஒன்பது நாட்டுத் தலைவர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் ஏரிகளின் கரை உறுதியாக நிற்க. உங்கள் ஊர்களில் பிறந்த பிள்ளைகள் முதல் மழையையும் இரண்டாம் மழையையும் நலமாகக் காண்க. இவ்வோலை வந்து சேரும் வேளையில் உண்டுகொண்டிருப்பவர் உண்டு முடித்துக் கை கழுவிப் படிக்க. படித்தபின் உட்கார நேரம் இராது.

பேரவையில் நடந்ததை, பேசியவர் பேசிய சொல்லிலேயே அவை எழுத்தர் எழுதிவைத்தார். அதில் ஒரு சொல்லையும் செம்மை செய்ய, அரசியாகிய நாம் விடவில்லை. அமைச்சரின் உள்ளத்தில் ஓடியவை, பின்னர் அவரே நம்மிடம் உரைத்தவை.

மருத்துவத்துக்கும் கல்விக்கும் பொறுப்புடைய அமைச்சர் செவ்வேள்நம்பியை நீங்கள் அறிவீர்கள். பேரவையின் நடுவிலுள்ள விடைக்கல்லையும் அறிவீர்கள். ஆயினும் உங்கள் நாட்டு மக்கள் கேட்க இதைப் படிக்கும்போது, அவர்களும் அறியும்படி எழுதுகிறோம். உறுப்பினர் கேட்கும் கேள்விக்கு அமைச்சர் அந்தக் கல்லின்மேல் வெறுங்காலோடு நின்று விடை சொல்ல வேண்டும். கேட்டவர் ‘அமர்க’ என்றால் இறங்கலாம். வேறு எவர் சொல்லியும் இறங்க முடியாது. அரசி சொல்லியும் முடியாது. கதிர் மறையும் வரை அச்சொல் வராவிட்டால், மறுநாள் கதிர் எழுந்ததும் மீண்டும் ஏற வேண்டும். ஏற மனமில்லாதவர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அமைச்சருக்கு அறுபத்தெட்டு வயது. மழைக்காலத்தில் அவருடைய முழங்கால்கள் அவர் சொல் கேட்பதில்லை. ஆனாலும் அன்று மகிழ்ந்தே வந்தார். முந்நூறு வீடுள்ள ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மருத்துவசாலையும் ஒரு கல்விச்சாலையும் என்பது முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்த உறுதி. இவ்வாண்டில்தான் நானூற்றுப் பன்னிரண்டாம் ஊரும் நிறைந்தது. மருத்துவர் பெயர்கள் ஓர் ஓலைக்கட்டிலும் ஆசிரியர் பெயர்கள் மற்றொரு கட்டிலும் அவர் அருகே இருந்தன. முதல் கட்டை மருத்துவ எழுத்தர் எழுதினார். இரண்டாம் கட்டைக் கல்வி எழுத்தர் எழுதினார். இரண்டிலும் ஒரே காலையில் அமைச்சர் இலச்சினை வைத்தார்.

ஆறு உறுப்பினர் கேட்டனர். ஆறு முறை ஏறி, ஆறு முறை இறங்கினார்.

ஏழாவதாக எழுந்தவர் கழிநாட்டு ஊதைக்கரைக் கொற்றி. உப்பளத்தில் வேலை செய்பவர். எங்கள் ஊரில் மருத்துவர் இருக்கிறாரா, ஆசிரியர் இருக்கிறாரா என்பது அவர் முன்னரே விடுத்திருந்த கேள்வி. அமைச்சர் கல்லில் ஏறி, இருவரும் உளர் என்று விடை கூறினார். விரைவில் முடியும் கேள்வி இது என்று நினைத்தார்.

கொற்றி ஓலைகளைக் கேட்டு வாங்கினார். எழுத்தறியாத உறுப்பினருக்குப் படித்துச் சொல்லும் அவைப் பணியாளர் வழக்கம்போல் அருகே வந்தார்.

“வேணாம் தம்பி. நீ போயி உக்காரு. நானே படிச்சுக்கிறேன்.”

அவை சிரித்தது. நான்கு ஆண்டுகளாகத் தம் பெயருக்கு எதிரே எழுத்தாணியால் ஒரு கோடு மட்டும் கீறி வந்தவர் அவர். முல்லைநாட்டு உறுப்பினர் ஏறன் தம் இருக்கையிலிருந்தே கூவினார்.

“கொற்றியக்கா, ஓலையைத் தலைகீழாப் புடிச்சிடாதே. பாத்து!”

“ஓலை நேராத்தான் இருக்கு. ஒன் தலைப்பாகைதான் கோணலா இருக்கு ஏறா.”

அவர் தரையில் குந்தி, இரண்டு ஓலைகளையும் அருகருகே வைத்தார். உப்பில் வெடித்த விரலை முதல் ஓலையின்மேல் நகர்த்தினார். ஊதைக்கரை என்று படித்தார். மருத்துவர் என்று படித்தார். பிறகு நிறுத்தி, மூச்சு வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, அரும்பன் என்றார். விரல் இரண்டாம் ஓலைக்கு வந்தது. ஊதைக்கரை. ஆசிரியர். இம்முறை அரும்பன் என்ற பெயரை ஒரே மூச்சில் படித்துவிட்டார்.

சிரிப்பு எப்போது நின்றது என்று எவருக்கும் தெரியவில்லை. கற்றோர் பலர் படிக்க அமைச்சர் கேட்டிருக்கிறார். ஒருவர் படிப்பதை அவர் பார்த்ததில்லை. அந்த விரல் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போகும்போதெல்லாம், வழுக்குப் பாறையில் ஒருவர் கால் வைப்பதைப் பார்ப்பதுபோல் தம் மூச்சு நின்று நின்று வந்ததாக அவர் சொன்னார்.

“பேரு ஒண்ணுதானே அய்யா?” என்றார் கொற்றி.

ஒரே பெயர் இருவருக்கு இருப்பது உலக வழக்கம் என்று அமைச்சர் விடை கூறினார். அப்படிச் சொல்லும்போதே தமக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

“எங்க ஊருல அரும்பன்னு ஒரே ஒருத்தருதான். அந்த ஒத்த மனுசரை இந்தக் கட்டுல முழுசா எழுதியிருக்கீங்க, அந்தக் கட்டுலயும் முழுசா எழுதியிருக்கீங்க. அவரு மட்டும் அங்க பாதிப் பாதியாக் கெடக்குறாரு.”

அமைச்சர் தம்மை மறந்தார். கல்லில் நிற்பவர் விடை மட்டுமே சொல்லலாம் என்பதையும் மறந்தார்.

“உமக்குப் படிக்கக் கற்றுத் தந்தவர் யார்?”

“அடடே, கல்லு மேல நின்னுக்கிட்டு மந்திரியாரு கேள்வி கேக்குறாரு!” என்று ஏறன் தொடையில் தட்டிச் சிரித்தார். அவைத்தலைவர் மணியடிக்கக் கை நீட்டினார். கொற்றி கை காட்டி நிறுத்தினார்.

“கேக்கட்டும். நான் சொல்றேன். போன மழைக்குப் பள்ளிக்கூடத்துக் கூரை காத்தோட போயிடுச்சு. அதே மாசம் ஊருல விட்டு விட்டு வர்ற முறைக்காய்ச்சல். நாப்பது பேரு பாயில. இவரு ஒருத்தரு. அங்க ஓடுனா இங்க ஆளில்ல, இங்க ஓடுனா அங்க ஆளில்ல. ஒருநாளு பிள்ளைங்க எல்லாத்தையும் மருத்துவசாலைக்கே கூட்டியாந்துட்டாரு. நடுவுல பிள்ளைங்க, சுத்திப் பாயில நாங்க. ஒரு கையில கசாயச் சட்டி. வாயில பாடம். பிள்ளைங்க மணல்ல எழுதும். நாங்க படுத்துக்கிட்டே சுவத்துல கரிக்கட்டையால எழுதுவோம். எழுதுனாத்தான் கசாயத்துக்கு அப்புறம் தேனு. அம்பத்திரண்டு வயசுல ஒரு சொட்டுத் தேனுக்காக அழுதுக்கிட்டே எழுதுனேன் அய்யா. மழை நின்னப்போ நாப்பது பேருல முப்பத்தேழு பேரு எந்திரிச்சு நடந்தோம். முப்பத்தேழு பேருக்கும் எழுத்துத் தெரியும்.”

கூரையில் புறாக்கள் நடக்கும் ஓசை கேட்டது. தம் நானூற்றுப் பன்னிரண்டு ஊர்களையும் எடுத்து அந்த ஓர் அறைக்குள் வைத்தாலும் அது நிறையாது என்று அமைச்சருக்குத் தோன்றிற்று.

அரும்பன் இப்போது எங்கே என்று அமைச்சர் கேட்டார். இம்முறை ஏறன் சிரிக்கவில்லை.

“இப்ப அவரு பாயில. ஒம்பது நாளாக் காய்ச்சல். மருந்துக்கு என்னென்ன, எத்தனை பங்குன்னு சுவத்துலதான் எழுதிப் போட்டிருக்காரே. அதைப் படிச்சுப் படிச்சு நாங்கதான் அவருக்குக் காய்ச்சிக் குடுக்குறோம். பெரிய பிள்ளைங்க சின்னதுங்களுக்குப் பாடம் சொல்லுதுங்க. அவரு படுத்த இடத்துலேர்ந்தே தப்புன்னு கையாட்டுறாரு.”

அமைச்சர் கல்லிலிருந்தே ஆணையிட்டார். அன்று உச்சிப்பொழுதில் புறப்படும் படகில் ஒரு மருத்துவரும் ஓர் ஆசிரியரும் ஊதைக்கரைக்குச் செல்ல வேண்டும். இரண்டு தலை, இரண்டு உடம்பு என்று கண்ணால் எண்ணிய பிறகே படகை அவிழ்க்க வேண்டும் என்றார். எழுத்தர்கள் ஓடினர். நாமும் அவையோரும் ‘அமர்க’ என்ற சொல்லுக்குக் காத்திருந்தோம். பிழை கண்டார், பிழை தீர்ந்தது, இனி என்ன?

கொற்றி ஓலைகளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அமைச்சரைக் கும்பிட்டார். பிறகு இன்னும் ஒரு கேள்வி கேட்டார்.

அமைச்சர் இரண்டு கட்டுகளையும் பார்த்தார். முப்பத்தோர் ஆண்டுகளில் அவற்றை ஒரு நாளும் ஒன்றாக அவிழ்த்ததில்லை. பிறகு, “தெரியாது” என்றார்.

அந்தக் கல்லிலிருந்து அச்சொல் இதற்குமுன் வந்ததில்லை. அதை எழுதலாமா என்று எழுத்தர் நம் முகத்தைப் பார்த்தார். எழுதுக என்றோம்.

“நீங்க நிக்கிறதைப் பாத்தா எனக்கே காலு வலிக்குது அய்யா,” என்றார் கொற்றி. அவர் கண் கலங்கியிருந்தது. “ஆனா ‘அமர்க’ன்னு இப்பச் சொன்னா நான் பொய் சொன்னதா ஆயிடும்.”

கதிர் மறைந்தபின் அமைச்சரை நாமே கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம். மோதிரத்தைக் கழற்றிவிடலாமே, எவரும் இழிவாக எண்ணார் என்றோம். அவர் மோதிரத்தைத் தொடவும் இல்லை. அரும்பனின் அந்த அறையைத் தாம் கட்டவில்லை, தாம் செய்த பிழையின்மேல் ஒருவர் கட்டினார், அது இடியாமல் நின்றது என்று மட்டும் சொன்னார். வேறு ஊர்களில் அது இடிந்திருக்கலாம்; அங்கே விழுந்து கிடப்பவர் யாரென்று தெரியாமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார்.

படகு மறுநாள் சேர்ந்தது. அரும்பன் உயிரோடு இருக்கிறார்; காய்ச்சல் தணிகிறது. சுவரில் எழுதியபடி உப்பளத்து மக்கள் கொடுத்துவரும் மருந்தில் ஒரு பங்கையும் மாற்றத் தேவையில்லை என்று புதிய மருத்துவர் எழுதியிருக்கிறார். நாம் அந்த வரியை அவையில் இருமுறை படித்தோம். அமைச்சர் கல்லில் நின்று கேட்டார்.

இன்று பன்னிரண்டாம் நாள். இன்றும் நிற்கிறார். மழையும் தொடங்கிவிட்டது.

ஆகவே ஒன்பது நாட்டுத் தலைவர்க்கும் இடும் ஆணை இது. எழுத்தரை அனுப்ப வேண்டாம். நீங்களே போக வேண்டும். நீங்கள் கல்விச்சாலை வாசலிலும் உங்கள் வீட்டவர் ஒருவர் மருத்துவசாலை வாசலிலும் ஒரே நாழிகையில் நின்று, ஆசிரியரையும் மருத்துவரையும் கண்ணால் காண வேண்டும். ஒருவரைக் கண்ட பிறகு மற்றவரைத் தேடிப் போவது காண்பதாகாது. எங்கேனும் ஒருவரே இருவராக நிற்கக் கண்டால் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் கையிலுள்ளதை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரை முதலில் உட்காரச் செய்க. அவர் பெயரையும் ஊரையும், எத்தனை ஆண்டுகளாக அப்படி நிற்கிறார் என்பதையும் எழுதி, விரைபரியில் அனுப்புக. ஓர் ஊரை மறைப்பவர், அமைச்சர் இறங்கியபின் அதே கல்லில் ஏறுவார்.

இது இரட்டை மீன் இலச்சினையிட்டு, செவ்வரக்கில் அழுத்தி, அரசி தம் கையால் கட்டிய ஓலை. கட்டு அவிழ்ந்த நாள் தொட்டு ஏழு நாளில் விடை வருக.

உப்பளத்தாள் கொற்றி அவையில் கேட்ட அந்தக் கேள்வியை, அவரையே அழைத்து எழுத்தாணி கொடுத்து எழுதச் செய்தோம். இலச்சினைக்குக் கீழே உள்ளது அவர் கையெழுத்து:

“இன்னும் எத்தனை ஊருல அய்யா, ஒத்த ஆளு ரெண்டு பேரா நிக்கிறாரு?”