கைக்கடிகாரக் கூப்பனும் நான் மேடையில் சொன்ன பொய்யும்

என் ரஞ்சிதம் அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கல்லறைக்கு வந்து நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன் மகள் மெர்சி பாகாயத்தில் ஹாஸ்டலில் தங்கி, நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். உன்னைப் போலவே கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். இதெல்லாம் நல்ல சேதி. கெட்ட சேதியும் ஒன்று உண்டு.

அவர்கள் மறுபடியும் வந்துவிட்டார்கள், அக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை மெர்சி ஒருவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சுடுகிற வெயிலில் டை கட்டியிருந்தான். கையில் பெட்டி, அதுவும் ரெக்சின், போலித் தோல். தோல் பதனிட்டுப் பிழைக்கிற ஆம்பூருக்குள் ரெக்சின் பெட்டியோடு வரத் துணிந்தவன் எதற்கும் துணிவான் என்று அப்போதே நினைத்தேன். பெட்டியிலிருந்து ஒரு முகப்பூச்சு டப்பாவை எடுத்து, தங்கக்கட்டியை வைப்பதுபோல் என் முன்னால் வைத்தான்.

"இத விக்கறது முக்கியமில்ல சார். ஆள் சேக்கறதுதான் முக்கியம். நீங்க மூணு பேரச் சேத்தா, அவங்க ஆளுக்கு மூணு பேரச் சேப்பாங்க. அப்புறம் நீங்க வீட்ல கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கலாம். முதலாளி மாதிரி நினைக்கணும் சார். கூலிக்காரன் புத்திய விட்ரணும்."

தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் கைவெந்து சம்பாதிக்கிறவனுக்குக் கூலிக்காரன் புத்தியாம். தெரிந்தவன் வீட்டுக் கதவையெல்லாம் தட்டி, சித்தப்பன் மகனிலிருந்து கூடப் படிப்பவள் வரை வலையில் மாட்டுகிற இவன் முதலாளியாம். இவனுக்கு அந்தச் சொல்லை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்குச் சொல்லிக்கொடுத்தவனின் சீடனாக இருப்பானோ?

நடந்தது உனக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அன்று எனக்கு இருபத்திரண்டு வயது. நீயும் நானும் ஒரே தோல் டேனரியில் வேலை. நான் குழியில், நீ தோலில் முடி வழிக்கிற பெண்களோடு. மாமா, உன் வீட்டுக்காரர், இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சீதாபதி என்று ஒருவன் மெட்ராஸிலிருந்து வந்து, ரயிலடிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கினான். தலைக்கு எண்ணெய், பேச்சுக்குத் தேன். அன்றைக்கு அரைநாள் கூலியான இரண்டு ரூபாய்க்கு ஒரு கூப்பன் வாங்கவேண்டும். பிறகு நான்கு பேரை வாங்க வைக்கவேண்டும். அந்த நால்வரும் ஆளுக்கு நால்வரைச் சேர்த்துவிட்டால் தபாலில் கைக்கடிகாரம் வரும்.

முதலில் சேர்ந்த ஏழெட்டுப் பேருக்குக் கடிகாரம் வந்தது. எனக்கும் வந்தது. வராமல் இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். நான் வேலையை விட்டேன். 'ஏஜெண்ட்' என்று என்னை நானே அழைத்துக்கொண்டேன். திருப்பத்தூர் சந்தை வரை போய் மணிக்கட்டை ஆட்டிக்காட்டினேன். மணி பார்க்கத் தெரியாதவர்களிடம்கூடக் கடிகார ஆசையைக் கிளப்பினேன். இதற்குச் சீதாபதி வைத்த பெயர் முதலாளி மூளை.

அரிசி மில் கொட்டகையில் அவன் ஒரு கூட்டம் போட்டான். டேனரி சனம் பாதி அங்கேதான் இருந்தது. என்னை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "நேத்து வரைக்கும் குழில நின்னவர். இன்னிக்கு பாருங்க!" என்றான். கைதட்டினார்கள். அப்போது நீ எழுந்தாய். மூன்று வயது மெர்சி உன் இடுப்பில். புடவையில் சுண்ணாம்புக் கறை.

"ஒண்ணு கேக்கட்டுமாங்க? ஒருத்தருக்கு நாலு பேரு. நாலு பேருக்குப் பதினாறு. பதினாறுக்கு அறுபத்து நாலு. இப்டியே எட்டு தடவ போனா, ஆம்பூர்ல கைக்குழந்தையச் சேத்தாலும் ஆளு கம்மியா பூடுதே. கடைசியா சேர்றவங்க யார்கிட்டங்க விப்பாங்க?"

பின்வரிசையில் சிலர் எழுந்தார்கள். சீதாபதி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கேட்காமலே நான் எழுந்து பேசினேன்.

"இது எங்க அக்காதாங்க. புருஷன் போனதுலேர்ந்து அதுக்கு மூள சரியில்ல. யாரும் மனசுல வெச்சுக்காதீங்க."

சனம் சிரித்தது. நீ என்னைப் பார்த்தாய், மெர்சியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாய், வெளியே போய்விட்டாய். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் சீதாபதியின் ரூம் பூட்டிக்கிடந்தது. மெட்ராஸ் விலாசத்துக்குப் போட்ட கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. முதலாளி மூளை எந்த ரயில் ஏறியதோ! நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தேன். நீ வந்து கதவைத் தட்டினாய். "எந்திரி. வீடு வீடா போவணும்" என்றாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் தப்பை ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லவேண்டும்; நீ பக்கத்தில் நிற்பாய். பாஷா பாய் தன் தம்பி, மச்சான் எல்லோரையும் என் பேச்சை நம்பிச் சேர்த்துவிட்டவர். அந்த உறவே முறிந்துபோயிருந்தது. அவர் என்னை ஓங்கி அறைந்தார். நீ தடுக்கவில்லை. "போதுமா பாய்?" என்று மட்டும் கேட்டாய்.

"போதும்மா. உன் மூஞ்சிக்காக வுடறேன். பேஜார் புடிச்சவன்" என்றார் அவர்.

நான் திரும்பக் குழிக்குப் போனேன். சம்பளத்திலிருந்து மெல்ல மெல்ல எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்தேன். இத்தனை வருஷத்தில் நீ அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைக் கதைக்குத் திரும்ப வருகிறேன். டை கட்டினவனை வெளியே போகச் சொன்னேன். மெர்சி குறுக்கே வந்தாள். "எதுக்கு மாமா தொரத்துறீங்க? ஹாஸ்டல்ல ரெண்டு பேரச் சேத்துட்டேன். இன்னா தப்பு?" என்றாள். காரணம் கேட்கிறவளுக்குப் பாதிக் காரணம் சொல்ல முடியுமா? அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மேடையில் உன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே சொன்னேன்.

அந்தப் பிறவி என்ன சொன்னான் தெரியுமா? "சார், மேடைல நல்லா பேசுவீங்க போலருக்கே. நம்ம மீட்டிங்ல ஒரு நாள் பேசுங்களேன்!"

மெர்சி டப்பாவைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் தெருவில் கொண்டுபோய் வைத்தாள். அவன் அதன் பின்னாலேயே போய்விட்டான். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்: "அம்மா பேச்சக் கேட்டு எந்திரிச்சாங்கன்னு சொன்னீங்களே மாமா, அவங்க தப்பிச்சிருப்பாங்க. நீங்க சொன்னதாலதான் திரும்ப உக்காந்தாங்க."

இத்தனை வருஷம் சீதாபதியை நினைத்துக் காறித் துப்பினேனே அக்கா. அவன் விற்றது கூப்பனை மட்டும்தான். எழுந்து நின்றவர்களை உட்காரவைத்தது நான். இது எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை? மெர்சி சாப்பிடாமலே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அத்தனை பேர் நடுவில் உன்னைப் பைத்தியம் என்றேன். தனியாகக் கல்லறையில் வந்து அழுதுவிட்டுப் போனால் அது கணக்காகாது. அதனால் இந்தக் கடிதத்தை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கொட்டகையில் சிரித்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே கொண்டுபோவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசலில் நின்று உரக்கப் படிப்பேன். இந்த ஊரிலேயே அன்று மூளை சரியாக இருந்தது உனக்கு ஒருத்திக்குத்தான் என்று அவர்கள் என் வாயாலேயே கேட்கவேண்டும். முதல் காகிதம் பாகாயத்துக்கு, மெர்சிக்குப் போகும். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
அருளப்பன்