பெயர் அழிக்காத புட்டி

என் கரடியே,

அங்கே மேற்கு வர்ஜீனியாவில் உன் கல்லறைமேல் பனி உருகிவிட்டதா? நான் ஒஹாயோவில், மோட்டல் சலவையறை வேலையில் நன்றாகவே இருக்கிறேன்.

நீ விட்டுப்போன வலி மாத்திரைப் புட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். என் அறையில் தங்கும் கிரிஸ்டல் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுடி லொரீன், முதுகு உடையுது." உன் தம்பியும் இப்படிக் கெஞ்சிக் கெஞ்சி, இந்த மாத்திரைக்கே அடிமையாகித்தானே செத்தான்! பயந்துபோய், சனிக்கிழமை சர்ச் வாசலுக்குக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் கொண்டுவந்த பழைய காகிதங்களை லாரியில் அரைத்தார்கள். மறுபக்கம் போலீஸ்காரர், யார் கையிலும் சிக்காமல் அழிப்பதற்காக, வீடுகளில் மிஞ்சிய மருந்துகளை ஒரு தொட்டியில் வாங்கினார். கிரிஸ்டல் புட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கூடவே வந்தாள்.

"புட்டிமேல இருக்கிற பேரை அழிச்சிட்டுப் போடும்மா" என்று போலீஸ்காரர் பேனாவை நீட்டினார். உன் பெயரை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

"எனக்குக் குடுத்திருந்தா இந்த வம்பே இல்ல" என்றாள் கிரிஸ்டல்.

அவர் புட்டியை வாங்கிக் குலுக்கினார். "கழுத்துவரைக்கும் இருக்கே. ஒண்ணுகூடச் சாப்பிடலையா?"

மாத்திரைகளைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வெறும் புட்டியை என்னிடமே தந்தார்.

துணி எடுக்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். "மாத்திரை போட்டாச்சு, வலி போச்சு, நீ தூங்குடி" என்று ராத்திரிதோறும் சொன்னாயே. தம்பியை நினைத்துத்தான் தொடாமல் இருந்தாயா? அத்தனை வலியோடு என் பக்கத்தில் எப்படிப் படுத்திருந்தாய்?