துண்டு துண்டாக ஒரு கேள்வித்தாள்

ஜூலை 4

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. வேலை மும்முரம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உங்கள் மகளை வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்கிறாள். தாளில் எழுதச் சொன்னால் இரண்டு கேள்வியோடு நின்றுவிடுகிறாள். அவளுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத நிலை, என்று மருத்துவர் கொடுத்த சான்றிதழ் எங்கள் கோப்பில் இருக்கிறது. அதை வைத்துப் பள்ளியில் சில ஏற்பாடுகள் கேட்கலாம். இத்துடன் உள்ள படிவம் இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் கையெழுத்தோடு வர வேண்டும். அரையாண்டுத் தேர்விலும் இப்படியே எழுதினால் மூன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். குழந்தை விஷயத்தில் இவ்வளவு அலட்சியம் வேண்டாம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு ஆசிரியை


ஜூலை 6

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். காரணத்தைக் கேளுங்கள்.

நேற்று மகளின் புத்தகப் பையைத் துவைக்கக் கவிழ்த்தேன். ஒற்றை சாக்ஸ் மூன்று, என் தையல் கடையில் காணாமல்போன இஞ்ச் டேப், கடித்த ரப்பர், எல்லாவற்றுக்கும் அடியில் ஐந்து கடிதங்கள். மூன்று நீங்கள் எனக்கு எழுதியவை. இரண்டு நான் உங்களுக்கு எழுதியவை. "இந்த டீச்சருக்கு எவ்வளவு திமிர், ஒரு வரி பதில் போட்டால் குறைந்தா போய்விடுவார்" என்று நானும் ஒரு மாதமாகக் கருவிக்கொண்டிருந்தேன்.

எதைக் கொடுத்தாலும் மறந்துவிடுகிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதி, அதை அவள் கையிலேயே கொடுத்தனுப்பிய புத்திசாலிகள் நாம் இரண்டு பேரும்தான். அவளைக் கேட்டேன். "குடுக்கணும்னு நெனச்சுக்கிட்டேதாம்மா இருந்தேன்" என்றாள். அது பொய் இல்லை டீச்சர். நினைத்துக்கொண்டேதான் இருந்திருப்பாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவளைக் கீழ் வகுப்புக்கு அனுப்பினால் மனசே விட்டுப்போய்விடும். எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாணவியின் அம்மா


ஜூலை 12

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த கணக்கு சார் தண்ணீர் எடுத்து நீட்டினார். அலட்சியம் என்று எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். இனி நமக்குள் தபால்தான்.

நல்ல செய்தி: ஏற்பாடு கிடைத்துவிட்டது. இனி முதல் பெஞ்சில் உட்காருவாள். தேர்வில் எல்லோரையும்விட அரை மணி நேரம் கூடுதல். இனிமேல் கவலை இல்லை.

அன்புடன்,
டீச்சர்


ஆகஸ்ட் 20

அன்புள்ள டீச்சருக்கு,

நலம்தானே? நான் நலமில்லை, கோபத்தில் இருக்கிறேன். உங்கள்மேல் இல்லை.

மாதத் தேர்விலும் இரண்டே கேள்வி. முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் மொத்த வகுப்பும் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கத் திரும்பித் திரும்பியே அவளுக்குக் கழுத்து வலி. அந்த அரை மணி நேரத்தைப் பற்றிக் கேட்டேன். "எல்லாரும் விளையாடப் போயிட்டாங்கம்மா. என்னை மட்டும் உக்கார வச்சுட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள்.

ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுத்தால் என் கடையை என்றைக்கோ மூடியிருப்பேன். இவளுக்கு யாரும் அளவெடுக்கவே இல்லை டீச்சர், நானும் சேர்த்துத்தான். வீட்டில் அவள் எப்படிக் கணக்குப் போடுகிறாள் தெரியுமா? இஸ்திரி மேஜை ஓரம் நின்றுகொண்டு. ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்கு எழுதிக் கொடுப்பேன். போட்டு முடித்ததும் மிஷினுக்கு ஓடி வந்து அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு போவாள். நான் இரண்டு பேன்ட் மடித்துத் தைப்பதற்குள் பத்துக் கணக்கு முடிந்துவிடும். முழுத்தாளைக் கொடுத்தால் எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா


செப்டம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

கேள்வித்தாளைத் துண்டாக வெட்டலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, இனி அவள் பாடு என்று சொல்லிவிட்டார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வகுப்புத் தேர்வு என் பொறுப்புதானே, அதில் யார் கேட்க முடியும்? கத்தரிக்கோலை எடுத்தேன்.

அவளைக் கடைசி பெஞ்சில், சுவரோரம் உட்கார வைத்தேன். அவளுக்குப் பின்னால் இப்போது யாருமே இல்லை. சீட்டெல்லாம் என் மேஜையில். ஒன்றை எழுதிவிட்டு நடந்து வந்து அடுத்ததை வாங்க வேண்டும். பத்தில் எட்டு எழுதினாள் அம்மா! கூடுதல் நேரம் கேட்கவே இல்லை. எங்களுக்கும் சீட்டு வேண்டும் என்று மற்ற பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததுதான் பெரிய தொல்லை.

ஜூன் மாத அறிக்கையில் "முயற்சி போதாது" என்று எழுதியது நான்தான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எட்டுப் பதில் உள்ள தாளைத் தலைமையாசிரியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அரையாண்டில் கணக்குக்கு மட்டும் இப்படி எழுதட்டும், நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்கிறார். அவளிடம் இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பயப்படும் வேலையை நாம் பார்த்துக்கொள்வோம்.

டீச்சர்


டிசம்பர் 18

என் அன்பு அம்மாவுக்கு,

கணக்குத் தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு என் மேஜை பக்கத்தில் நின்றார். உங்கள் மகள் மூன்றாவது சீட்டுக்கு வந்தபோது நான் வேறொரு பிள்ளைக்குத் தாள் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் நேரே அவரைப் பார்த்து, "மிஸ், நீங்க ஃப்ரீயாத்தானே இருக்கீங்க, அடுத்ததை எடுத்துக் குடுங்களேன்" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் கடைசிவரை அவரேதான் கொடுத்தார்.

மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போதே பத்தாவது சீட்டை எழுதிவிட்டுத் திரும்பவும் வந்து கையை நீட்டினாள். இனி இல்லை, முடிந்துவிட்டது என்றார் அவர். இவளுக்குப் புரியவில்லை. ஒரு தாள் முடிந்துபோவதை அவள் பார்த்ததே இல்லையே. "முடிஞ்சா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்று மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லாப் பாடத்துக்கும் இனி சீட்டுதான், ஐந்தாம் வகுப்புக்கும் சேர்த்து. திருப்பி அனுப்பும் பேச்சு இனி இல்லை.

மகிழ்ச்சியுடன்,
டீச்சர்


டிசம்பர் 21

அன்பான டீச்சர்,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். பேன்ட் வாங்க வந்தவர் என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, அவசரம் இல்லை, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்வதற்குள் ஆளைக் காணோம்.

உங்களுக்கு நன்றி என்று எழுதினால் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. ஆனாலும் நன்றி.

சீக்கிரம் முடித்துவிட்டாளே, மீதி நேரம் என்ன செய்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. அவளையே கேட்டேன். வழக்கம்போல நின்ற இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தவள், குதிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"சும்மா உக்காந்திருந்தேம்மா. நல்லா இருந்துச்சு" என்றாள்.

உங்கள்,
அம்மா