மூன்று பெயர் வைத்த படகு

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

உன் படகு விலை போகவில்லை. கெடுத்தது நான்தான். வாங்க வந்தவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பலகையில் கத்தியைச் செருகிவிட்டேன். அன்றிலிருந்து குமார் என் கடைப்பக்கம் வருவதில்லை. உன் மகன்தானே, ரோஷமெல்லாம் பசிக்கிற வரைக்கும்தான்.

நீ போய் ஒரு வருஷமாகிறது. இந்தப் படகுச் சண்டைக்கு முன்பே, திதிக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வாசகம் எழுதிக்கொண்டு வந்தான் குமார். 'கடலை ஆண்ட வேங்கை' என்று முதல் வரி. சிரித்துவிட்டேன். வாளியால் தண்ணீர் இறைத்து இறைத்தே கரை வந்து சேர்ந்த ஆள், நீ எந்தக் கடலை ஆண்டாய்? ஃப்ளெக்ஸ் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊரும் படிக்கட்டும்.

படகு ஒழுகுகிறது என்று எவனாவது சொன்னால் உனக்கு மூக்கு விடைக்கும். "ஒழுகலடா, வேர்க்குது. ஒழைக்கிற ஒடம்புக்கு வேர்க்காதா?" என்பாய். அதற்கும் சிரிக்க மணமேல்குடிக் கரையில் நாலு பேர் இருந்தார்கள். டீக்காசு கொடுத்தது நீயாயிற்றே.

முதலில் அதற்குச் 'செல்வராணி' என்று பெயர். மீன்பாடு குறைந்ததும் ஜோசியனிடம் ஓடினாய். பெயர் சரியில்லை என்றான். 'ஜெயலட்சுமி' ஆனது. அடுத்த மழைக்காலம் அடிப்பலகை இளகியது. மறுபடியும் ஜோசியன், மறுபடியும் பெயிண்ட், 'வெற்றிவேல்'. ஒவ்வொரு பெயருக்கும் கரை முழுக்கப் பிரியாணி. அந்த ஆட்டுக்கறிக் காசில் அடிப்பலகை முழுவதையும் மாற்றியிருக்கலாம் என்று ஆசாரி சொன்னார், நானும் சொன்னேன். "ஒனக்குக் கருவாட்டத் தவிர என்ன தெரியும்?" என்றாய். பெயரை மாற்றினால் பலகையை அரிக்கிற புழு வேறு படகுக்குக் குடிபோய்விடும் என்று நம்பிய ஆளிடம் நான் என்ன பேச?

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது சர்க்கரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போனாய். கடல் உன்னைத் தொடவில்லை. அதற்கு உன்மேல் எவ்வளவு பொறுமை இருந்திருக்கும், யோசித்துப் பார்த்தாயா?

நீ போன பிறகு கயிற்றைக்கூட மாற்றிக் கட்ட ஆளில்லை. ஒரு காற்று நாளில் படகு அறுத்துக்கொண்டு போய்க் கல்லில் மோதி அடிக்கட்டை விரிந்தது. இழுத்துக் கரையில் போட்டார்கள். அதன் நிழலில் நாய் குட்டி போட்டது. வாழ்நாளில் அந்தப் படகு ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அப்போதுதான் குமாருக்கு வெளிநாட்டு ஆசை வந்தது. விசாவுக்குப் பணம் வேண்டும். விரிந்த இடத்தில் பட்டி பார்த்தான், ஓட்டையில் பசையை அடைத்தான், மேலே பளபளவென்று நீலப் பெயிண்ட். வாங்க மீமிசலிலிருந்து முருகேசன் வருகிறான் என்றதும் என்னிடம் வந்தான்.

"அத்தை, நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா வந்து நில்லுங்க, போதும்."

"நான் நின்னா என்னடா?"

"நீங்க நிக்கிற எடத்துல ஏமாத்து இருக்காதுன்னு அந்தாளு நம்புறாரு."

எவ்வளவு துணிச்சல் பார். முப்பது வருஷமாகக் கூடை சுமந்து, கடை வைத்து, நான் சம்பாதித்த பெயரை உன் ஓட்டைப் படகுக்குப் பட்டியாகப் பூசப் பார்க்கிறான். போனேன்.

முருகேசன் படகைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தான். "நானும் என் தம்பியும்தாங்க்கா இதுல போகப் போறோம். வீட்டுல வேற ஆம்பளை கெடையாது. நீங்க சொன்னா எடுத்துக்கிறோம்."

தடித்த கருவாட்டை நான் எப்படி வாங்குவேன் என்று உனக்குத் தெரியும். மேலே உப்புப் பூத்து அழகாகத்தான் இருக்கும். முள்ளை ஒட்டிக் கத்தியை இறக்கி, உருவி, மோந்து பார்ப்பேன். உள்ளே கெட்டது கத்தியில் வரும். அதையே செய்தேன். 'வெற்றிவேல்' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே இறக்கினேன். பிடி வரைக்கும் போனது. வாழைத்தண்டுகூடக் கொஞ்சம் எதிர்க்கும்.

"அத்தை! பெயிண்ட்டு இன்னும் காயல!" என்று கத்தினான் உன் மகன். பலகை செத்துக் கிடக்கிறது, இவனுக்குப் பெயிண்ட் கவலை. உன் ரத்தம் என்பதில் இனி எனக்குச் சந்தேகமே இல்லை.

கத்தியை உருவி முருகேசன் மூக்கருகில் நீட்டினேன். மோந்தான். கூட வந்திருந்த தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தான்.

சாயங்காலம் அண்ணி வந்து வாசலில் நின்றாள். "செத்த மனுசன் மானத்த இப்படிக் கரையில போட்டு வாங்கிட்டியே."

"அவுக ரெண்டு பேரும் நடுக்கடல்ல முழுகிருந்தா அண்ணன் மானம் மெதந்துருக்குமா அண்ணி?" என்றேன். அவளுக்கும் உன்னோடு வாளி பிடித்த பழக்கம் உண்டே. உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் முருகேசன் தானாகவே திரும்பி வந்தான். படகு வேண்டாம், என்ஜினை மட்டும் பார்க்கலாமா என்றான். ஒரு வருஷம் கிடந்த என்ஜின், என்ன இருக்கப்போகிறது என்று நானும் அலட்சியமாகத்தான் போனேன். மூடியிருந்த சாக்கை விலக்கினால் உள்ளே நீ சுற்றி வைத்திருந்த இன்னொரு துணி, எண்ணெயில் ஊறினது. ஒரு பொட்டுத் துரு இல்லை. ஹேண்டிலைச் சுற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கரையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு வச்சிருந்தாலும் கொழந்த மாதிரி வச்சிருக்காக" என்றான் முருகேசன்.

இந்தக் கையை வைத்துக்கொண்டா, அண்ணே, ஜோசியன் வீட்டில் போய் நின்றாய்? நீ போனதற்குக்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. ஊருக்கு உன் சத்தம் கேட்க வேண்டும் என்றுதான் என்ஜினைத் துடைத்தாய் என்று அண்ணியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் நானும் அங்கேயேதான் நின்றேன்.

உன் பெயரைச் சொல்லி, ஓட்டையான எதுவும் இனி கடலில் இறங்காது. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் இறங்க விடமாட்டேன். பேசி முடித்தது இதுதான்: என்ஜின் முருகேசனுக்கு, அறுபத்தைந்தாயிரம், பணம் அண்ணி கையில், குமார் கையில் அல்ல. மரம் முழுவதும் செங்கல் சூளைக்கு, இனாம், பெயர் எழுதிய பலகையும் சேர்த்து. நாய் மட்டும் குட்டிகளோடு என் கடைக்கு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி,
கருவாட்டுக்கடை பாக்கியம்