உப்பு ஆசீர்வாதம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் சுற்றுலாக் குழுவில் ஒன்பது பேர். முதலில் ஓமுக், பிறகு ஹொத்தொக் என்கிற விதை அடைத்த இனிப்பு அடை, கடைசியில் தட்டில் நெளியும் ஆக்டோபஸ். அது தின்பதற்கு இல்லை, அலறுவதற்கு. எங்கள் துண்டறிக்கை இதை ‘பூசானின் ஆன்மாவைச் சுவையுங்கள்’ என்கிறது. ஆன்மா பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிந்துவிடும்.

சந்தை வாசலில் முதல் நிறுத்தம் தோக்சூன் சித்தியின் ஓமுக் வண்டி. எனக்கு ரத்த உறவில்லை. சந்தையில் எல்லோருக்கும் அவள் சித்திதான். மீன்மாவைக் குச்சியில் கோத்து முள்ளங்கிச் சாற்றில் கொதிக்கவிட்டிருப்பாள். சாறு இலவசம். யார் வேண்டுமானாலும் காகிதக் கோப்பையில் மொண்டு குடிக்கலாம். என் ஒன்பது பேரும் குடித்தார்கள். ஒருத்தி குடித்து முடித்துவிட்டுத் தனக்கு மீன் ஒவ்வாது என்றாள். மற்றவர்கள் ஆக்டோபஸுக்காக வயிற்றில் இடம் வைத்திருந்தார்கள். படம் எடுத்தார்கள். ஒரு குச்சிகூட வாங்கவில்லை.

சித்திக்கு இன்னும் போணியே ஆகவில்லை. பத்து மணிக்குள் ஆகியிருக்கும் என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன். இந்தச் சந்தையில் வளர்ந்தவள் செய்யக் கூடாத தப்பு. நானாவது ஒரு குச்சி வாங்கியிருக்கலாம். வழிகாட்டி வேலை நேரத்தில் தின்னக் கூடாது என்று விதி. விதியை மதித்தேனாம்!

நாலடி நகர்ந்திருப்போம். சித்தி கல்லுப்பை ஒரு கை அள்ளி எங்கள் முதுகில் வீசினாள். பீடை போகட்டும் என்று. க்ளென் என்கிற கனடாக்காரர் தலைமுடியில் உப்போடு திரும்பி, இது என்ன சடங்கு என்று கேட்டார். பயணிகள் போடும் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் குறைந்தால் எனக்கு சனி, ஞாயிறு வேலை கிடையாது.

“ஆசீர்வாதம்” என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து சித்தியைக் குனிந்து வணங்கினார். சித்தி இன்னொரு கை அள்ளினாள்.

மார்ச் 9, ஞாயிறு

க்ளென் காணொளி போட்டிருக்கிறார். நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று. பார்த்ததும் அழுதுவிட்டேன் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். நம் ஆட்கள் கீழே உண்மையைப் புட்டுப்புட்டு வைக்கிறார்கள், கொரிய மொழியில். யார் படிக்கப் போகிறார்கள்?

மார்ச் 18, செவ்வாய்

டீம் லீடர் பியோன் கூப்பிட்டார். பயணத் திட்டத்தில் புதிய வரி: ‘பாரம்பரிய உப்பு ஆசீர்வாதம்’. எல்லோரும் கட்டாயம் ஒரு குச்சியாவது வாங்க வேண்டும், அப்போதுதான் வியாபாரிக்கும் மரியாதை என்றார். பியோன் பிறந்து வளர்ந்தது இதே ஊர். அவர் அம்மா இதே சந்தையில் கருவாடு விற்றவர். உப்பு எதற்கு வீசுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

தெரியும் என்று அவரே சொன்னார். “அதனால என்ன ஹேவான்? காசு குடுக்கிறவன் ஆசீர்வாதம்னு நினைச்சா அது ஆசீர்வாதம்தான்.”

பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் பண்பாட்டு மேலாண்மை படித்தேன். இந்த ஒரு வாக்கியத்தை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சித்தி என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். இரண்டு வாரமாக வெள்ளைக்காரர்கள் வந்து, வாங்கித் தின்றுவிட்டு, வரிசையாகத் திரும்பி நிற்கிறார்களாம்.

“ஏண்டி, இவனுங்களுக்கு என்ன கேடு? முதுகைக் காட்டிட்டு நிக்கிறானுங்க. சுளுக்கு எடுக்கிற இடம்னு நினைச்சானுங்களா?”

உண்மையைச் சொன்னேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள். அகப்பையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்து ஹொத்தொக் கடைக்காரரைக் கூப்பிட்டு, “இவ பீடையை ஏற்றுமதி பண்றாய்யா” என்றாள்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“வாங்கினவன் மேல எப்படிடி எறிவேன்? என் பொழப்புல நானே மண்ணைப் போட்டுக்கிறதா?”

ஏப்ரல் 11, வெள்ளி

பன்னிரண்டு பேர். ஆளுக்கு இரண்டு குச்சி வாங்கினார்கள். திரும்பி நின்றார்கள். சித்தி இரண்டு கையாலும் கோப்பை கோப்பையாகச் சாறு கொடுத்தாள், நன்றாக இருங்கள் என்றாள், குனிந்து வணங்கினாள். உப்பு வீசவில்லை. நிஜமான ஆசீர்வாதம் இன்றுதான் கிடைத்தது. ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

சாயங்காலம் சந்தைச் சங்கத்துச் செயலாளர் பியோனோடு வந்தார். வாசல் இடம் இனிமேல் ‘பண்பாட்டு முனை’. உப்பு வீசுகிறவர்களுக்குத்தான் அங்கே இடம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். பத்து நாள் கெடு.

அவர்கள் போனதும் நான் கெஞ்சினேன். உப்பே வேண்டாம் சித்தி, சும்மா கையை மட்டும் ஆட்டு, நான் பேசிச் சமாளிக்கிறேன் என்றேன்.

“முப்பத்தோரு வருஷமா இந்த வாசல்ல நிக்கிறேன். வாங்கினவனை ஒருநாளும் துரத்தினதில்ல. நீ சொன்ன பொய்க்கு என் கை எதுக்குடி?”



ஏப்ரல் 12, சனி

பியோனிடம் பேசப் போகிறேன். எழுதி வைத்தால் பாதி பேசினது மாதிரி.

ஏப்ரல் 24, வியாழன்

பேசவில்லை.

சித்தியின் வண்டியைச் சந்தைக்குப் பின்னால், மீன் லாரிகள் நிற்கிற இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளினவர்களில் நானும் ஒருத்தி. கூடத் தள்ளுவது உதவிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சக்கரம் சாக்கடை மூடியில் சிக்கியது. சித்தி, “தள்ளுறதுல கெட்டிக்காரிடி நீ” என்றாள்.

வாசலில் இப்போது மரத்தால் கட்டிய புதுக் கடை, நாலு மொழியில் பலகை. ஹன்போக் என்கிற பழங்கால உடையில் ஒருவன் உப்பு வீச நிற்கிறான். நாடகம் படித்தவனாம். ஒரு வருஷமாக வேலை இல்லையாம், அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது. ரோஜா நிற உப்பு, ரிப்பன் கட்டிய பொட்டலத்தில். வீட்டுக்கு எடுத்துப் போகவும் விற்கிறார்கள்.

மே 20, செவ்வாய்

இன்று தாங்கவில்லை. பத்து பேர் தலையில் உப்போடு பூரித்து நிற்கிறார்கள். இதன் பொருள் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். சொல்லிவிட்டேன். இது ஆசீர்வாதம் இல்லை. ஓசியில் சாறு குடித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல், போணியைக் கெடுத்துப் போகிற சனியனை விரட்ட வீசுவது. இந்த இடத்தில் நின்றிருந்தவளை நாங்கள் விரட்டிவிட்டோம். இதை முதலில் ஆசீர்வாதம் என்று புளுகியவள் நான்தான்.

பத்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கை தட்டினார்கள்.

மே 22, வியாழன்

பத்து பேரும் ஐந்து நட்சத்திரம். ‘வழிகாட்டியின் நகைச்சுவை அபாரம்.’ பியோன் நான் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து எல்லா வழிகாட்டிகளுக்கும் அனுப்பிவிட்டார். ‘விரட்டிவிட்டோம்’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொல்கிறார், சிரிப்பு நன்றாக வருமாம்.

ஜூன் 5, வியாழன்

வேலைக்குப் போகும் முன் எட்டு மணிக்கு லாரி நிறுத்தத்துக்குப் போய் ஒரு குச்சி வாங்குகிறேன். காசு கொடுத்த பிறகுதான் சாற்றைத் தொடுவது. இரண்டு வாரமாக சித்தியின் போணி நான்தான். இதைப் பெருமையாகத்தான் எழுத ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் அங்கே யாரும் வருவதில்லை என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

இன்று சித்தி காசை வாங்கவில்லை. குச்சியையும் எடுக்கவில்லை. நேற்று நான் போன பிறகு மொத்தம் ஆறு குச்சிதான் விற்றதாம், முந்தாநாள் நாலு. கோபமாகச் சொல்லவில்லை. மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“தப்பா நினைக்காதடி. உனக்குக் கைராசி இல்ல. இனிமே பத்து மணிக்கு மேல வா.”

சரி சித்தி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து மணிக்கு எனக்கு வாசலில் குழு.